முப்பத்தாறு அடி, ஒரு இஞ்சு

மேட்டுக் குடியிருப்பு
மார்ச் 6

சம்பந்தியம்மாவுக்கு,

மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் "கடையில ஆள் இருக்கு" என்று வைத்துவிட்டீர்கள். கடைசித் தடவை என் மகன் பக்கத்தில் நின்று, "அவங்க கடையில அவ்வளவு கூட்டமாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி உங்கள் மானத்தைக் காப்பாற்றினேன். அதனால்தான் இந்தக் கடிதம். போனை வைத்துவிடலாம், கடிதத்தை என்ன செய்வீர்கள்? கிழிக்கலாம். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை கூட்டத்தில் நானும் இருந்தேன். மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி, மடியில் நம் பேத்தி. சின்ன ரயில் உங்கள் கடைத்தெரு வழியாக வந்தால் என்னென்ன நன்மை என்று உங்கள் மகள் தன் ரயில் ஆபீஸ் சார்பில் மேடையில் நின்று அழகாகச் சொல்லி முடித்தாள். "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று கேட்டாள். கழுத்தில் இஞ்சு டேப்போடு நீங்கள் எழுந்தீர்கள். பெற்றவள் எழுந்திருக்கிறாள், மகளுக்காக நாலு நல்ல வார்த்தை சொல்லப் போகிறாள் என்று நான் கைதட்டவே ஆரம்பித்துவிட்டேன். என்னைப் பார்த்துப் பேத்தியும் தட்டியது. நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"இந்தத் தெருப்படமே தப்பு. தெருவை நானே அளந்து பார்த்துட்டேன். பதினோரு இஞ்சு குறையுது. அளக்கத் தெரியாதவங்க கையில தெருவைக் கொடுக்கலாமா?"

முந்நூறு பேர் முன்னால். தட்டின கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பேத்தி மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தவள் ஒரே டம்ளரை மூன்று தரம் கழுவினாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல அத்தை, கறை" என்றாள். கறையும் இல்லை, ஒன்றும் இல்லை. நானும் ஒரு துணியை எடுத்து, துடைத்த டம்ளரையே துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். உங்கள் தெருவில் எழுபத்திரண்டு கடை. நாற்பத்தெட்டுக் கடைக்காரர்களாவது ஏப்ரல் முப்பதுக்குள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பாதையை ஆற்றோர பைபாஸுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே லாரிகளைத் தவிர ஏறுவதற்கு யார் இருக்கிறார்கள்? பாதை அங்கே போனால் எங்கள் மேட்டடி நிறுத்தமும் போய்விடும். கூட்டத்துக்கு முன்னால் நாற்பத்தொரு கையெழுத்து. இன்றைக்கு இருபத்தாறு. "தையல்கடையம்மாவே வேணாங்கிறாங்க, பெத்த பொண்ணையே நம்பல, நாங்க எப்படி நம்புறது?" என்று போட்டவர்கள் வந்து கையெழுத்தை அடித்துவிட்டுப் போகிறார்களாம்.

எனக்கு உங்கள் மேல் கோபமா என்றால், ஆமாம். ஆனால் அதற்காக வேலையை வேறு கடையில் கொடுக்க மாட்டேன். எங்கள் முன்னறைக் கதவுக்கு ஒரு திரை வேண்டும். உயரம் எண்பத்து நாலு இஞ்சு, அகலம் நாற்பத்தைந்து. நீலம் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


கடைத்தெரு
மார்ச் 11

சம்பந்தியம்மா,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. துணி வெட்டும் மேஜையில் குண்டூசி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.

முதலில் திரை. பழுப்பில் வெள்ளைக் கட்டம், கீழே இரட்டை மடிப்பு. இந்தப் பொட்டலத்தோடு வருகிறது. நீங்கள் சொன்ன அளவு.

இனி என் பக்கம். நீங்கள் மேடையை மட்டும் பார்த்தீர்கள். அதற்கு முந்தின இரண்டு மாதத்தைப் பார்க்கவில்லை. உங்கள் மருமகள் இந்தத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினாள். மருந்துக்கடைக்காரரிடம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து படம் வரைந்து விளக்கினாள். செருப்புத் தைக்கிறவரிடம் தரையில் உட்கார்ந்து பேசினாள். என் கடைக்கு எதிரே நின்று பேக்கரிக்காரியோடு சிரித்தாள், அந்தச் சிரிப்பு என் மிஷின் வரைக்கும் கேட்டது. எழுபத்தொரு கடை ஏறினாள். ஒரு கடை ஏறவில்லை. அது எது என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு என்ன வந்தது தெரியுமா? தபாலில் ஒரு அச்சடித்த காகிதம். "அன்புடையீர், தங்கள் கடை முன்பாக அமையவுள்ள பாதை குறித்து" என்று ஆரம்பித்து, கீழே அவள் கையெழுத்து. நான் பெற்று, எழுதக் கற்றுக்கொடுத்த கை எனக்கு "அன்புடையீர்" என்று எழுதுகிறது. வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தாள், சாப்பிட்டாள், ரயிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் பேச்செடுத்தால், "அதைப் பத்தி இங்க பேச வேணாம்மா" என்றாள். ஏன், எனக்குப் புரியாதா? ஐந்தாவது வரைதான் படித்தேன், ஆனால் தெரு முழுவதும் என் கையால் அளவெடுத்த உடம்புகள்தான் நடக்கின்றன.

அப்புறம்தான் அந்தக் காகிதத்தோடு வந்த தெருப்படத்தை எடுத்துப் பார்த்தேன். தெரு அகலம் பதினோரு மீட்டர் என்று போட்டிருந்தது. அடிக்கணக்கில் முப்பத்தாறு அடி ஒரு இஞ்சு. மருந்துக்கடைக்காரரை ஒரு முனையில் நிறுத்தி நானே டேப் போட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முப்பத்தைந்து அடி இரண்டு இஞ்சுதான் இருக்கிறது. இரண்டு தண்டவாளமும் போட்டு மீதியை நடைபாதை என்கிறார்கள். பதினோரு இஞ்சு குறைந்தால் அது யார் படியிலிருந்து குறையும்? என் படியிலிருந்து.

அதோடு பதினெட்டு மாதம் தோண்டுவார்களாம். சேலைக்கு ஓரம் அடிக்க வருகிறவள் குழியைத் தாண்டி வருவாளா? வர மாட்டாள்.

நான் எழுந்து சொன்னபோது, "அம்மா, நீங்க சொல்றது தப்பு" என்றாவது சண்டை போட்டிருக்கலாம். அவள் என்ன சொன்னாள்? "பொதுமக்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது." நான் பொதுமக்கள்.

அன்புடன்,
சம்பந்தி

பேத்திக்கு ஒரு கவுன் இதோடு இருக்கிறது. கூட்டத்தில் எனக்குக் கைதட்டின ஒரே ஆள் அதுதான்.


மேட்டுக் குடியிருப்பு
மார்ச் 17

சம்பந்தியம்மாவுக்கு,

கவுன் பொருத்தமோ பொருத்தம். கழற்ற விடமாட்டேன் என்கிறது.

திரையும் அழகு. கட்டத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தச்சர் மனைவி எங்கே தைத்தது என்று கேட்டாள். ஒரே ஒரு விஷயம். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். திரை இரண்டு இஞ்சு தரையில் கிடக்கிறது. நான் பெருக்க வேண்டிய வேலையை அது பெருக்கிவிடுகிறது, அதனால் எனக்கு நஷ்டம் இல்லை. ஆனால் என் மகன் நேற்று காபியோடு வந்து அதை மிதித்தான். காபி போயிற்று, கப்பும் போயிற்று, அவன் மட்டும் மிச்சம். தச்சருடைய இரும்பு டேப்பால் நான்தான் அளந்தேன். ஒருவேளை எங்கள் கதவு குள்ளமாகிவிட்டதோ என்னவோ.

இனி முக்கியமானது. உங்கள் கடைக்கு அவள் ஏன் ஏறவில்லை என்று நானே அவளிடம் கேட்டேன். அவள் ஆபீசில் ஒரு விதி இருக்கிறதாம். எந்த அதிகாரியின் சொந்தக்காரருக்குப் பாதையில் கடையோ வீடோ இருக்கிறதோ, அவர் அந்தச் சொந்தக்காரரிடம் ரயிலைப் பற்றிப் பேசவும் கூடாது, கையெழுத்து வாங்கவும் கூடாது. வேறொரு அதிகாரிதான் வர வேண்டும். உங்கள் கடைக்கென்று ஒதுக்கின ஆள் இரண்டு மாதமாக முதுகுவலியில் படுத்திருக்கிறார். அந்த "அன்புடையீர்" காகிதம் எழுபத்திரண்டு கடைக்கும் ஒரே மாதிரி போனது.

"எங்கம்மாகிட்ட நான் தனியாப் பேசியிருந்தா, மத்த எழுபத்தொரு கடையும் வீட்டுக்குள்ளேயே பேசி முடிச்சுட்டாங்கன்னு சொல்லியிருக்கும் அத்தை. அப்புறம் அம்மாவுக்குத்தான் கெட்ட பேர்" என்றாள். "அதையாவது அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமேடி" என்றேன். "சொன்னா அதுவே ரயிலைப் பத்திப் பேசினதாயிடாதா?" என்கிறாள். இப்படி ஒரு நேர்மையை அவள் எங்கிருந்து கொண்டுவந்தாளோ. எங்கள் பக்கத்திலிருந்து நிச்சயமாக இல்லை.

என் சுயநலத்தையும் எழுதிவிடுகிறேன். எங்கள் மேட்டுக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸை ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்கு ஏழு மணி ஷிப்ட். நூற்றெண்பத்தாறு படி இறங்கி, பெரிய ரோட்டில் பஸ் பிடித்து, அதுவும் வந்தால் வந்தது. போன மாதம் மூன்று நாள் தாமதம். மேற்பார்வையாளர், "இனிமே பக்கத்துல ஏதாவது வேலை பாருங்களேன்" என்று தன்மையாகத்தான் சொன்னார். பக்கத்தில் என்ன வேலை இருக்கிறது, படி எண்ணும் வேலையா? சின்ன ரயில் வரும் என்று தெரிந்தால் இன்னும் பதினெட்டு மாதம் என் முட்டியைச் சமாதானம் செய்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன். வராது என்று தெரிந்தால் அது இன்றைக்கே உட்கார்ந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


கடைத்தெரு
மார்ச் 21

சம்பந்தியம்மா,

விதியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்தேன். நான்கு தடவை படித்தேன். அதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதப் போவதில்லை.

திரையைப் பற்றி எழுதுகிறேன். இருபத்தாறு வருஷமாகத் தைக்கிறேன். ஒருத்தர் வந்து இரண்டு இஞ்சு கூட என்று சொன்னதில்லை. உடம்பு கூடியிருக்கும், அது வேறு. நீங்கள் எழுதிய சீட்டு என் கண் முன்னால் இருக்கிறது. எண்பத்து நாலு என்றால் எண்பத்து நாலு. தச்சருடைய டேப்பைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். அதை வைத்து அவர் செய்த மேஜையெல்லாம் எப்படி நிற்கிறதோ தெரியவில்லை. என் செலவிலேயே உங்களுக்கு ஒரு புது டேப் வாங்கி நாளைக்கு அனுப்புகிறேன். அதை வைத்து உங்கள் கதவை அளந்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

சம்பந்தி


கடைத்தெரு
மார்ச் 23

சம்பந்தியம்மா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் மகனிடமும் வேண்டாம். அவளிடம் வேண்டவே வேண்டாம்.

உங்களுக்கு அனுப்பப் புது டேப் வாங்கிவந்தேன். உறையில் போடுவதற்கு முன்னால், சரியான டேப் எப்படி இருக்கும் என்று பேக்கரிக்காரிக்குக் காட்டலாமே என்று மேஜையில் விரித்தேன். பக்கத்தில் என் டேப்பையும் விரித்தேன். இரண்டின் ஒரு முனையையும் ஒரே குண்டூசியில் குத்தினேன்.

புதியது அறுபதில் முடிந்தது. என்னுடையதும் அறுபதில்தான் முடிந்தது. ஆனால் என் அறுபது, அதன் அறுபதைத் தாண்டி ஒன்றரை இஞ்சு வெளியே நின்றது.

பேக்கரிக்காரி, "ரெண்டுல எது சரி?" என்றாள். "அடுப்புல ஏதோ கருகுது போல, போய்ப் பாரு" என்று அனுப்பிவிட்டேன்.

பதினோரு வருஷமாக அந்த டேப் என் கழுத்தில் கிடக்கிறது. வலது கையால் இழுப்பேன், இடது கையால் இழுப்பேன், யோசிக்கும்போது சுருட்டி இழுப்பேன். நீண்டுவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை. எப்படித் தெரியும்? ஆளை அளப்பதும் அந்த டேப்தான், துணியை வெட்டுவதும் அந்த டேப்தான். இரண்டு பக்கமும் ஒரே தப்பு என்றால் உடுப்பு கச்சிதமாக உட்காரும். என்னிடம் எல்லோரும் நேரில் வந்து அளவு கொடுப்பார்கள், இல்லாவிட்டால் பழைய உடுப்பைக் கொடுப்பார்கள். வேறொரு டேப்பால் அளந்து சீட்டில் எழுதி அனுப்பின முதல் ஆள் நீங்கள். அந்தத் தெருப்படம் இரண்டாவது.

உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அறுபது இஞ்சுக்கு ஒன்றரை. உங்கள் திரைக்கு இரண்டு. தெருவுக்குப் பதினோரு இஞ்சு. மறுபடியும் கூட்டினேன். அதே பதினோரு இஞ்சு.

முப்பத்தாறு அடி ஒரு இஞ்சுதான் சம்பந்தியம்மா. அவள் படம் சரி. "அளக்கத் தெரியாதவங்க" என்று நான் சொன்னேனே, அது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

தச்சரிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் சொல்லாதீர்கள்.

சம்பந்தி


மேட்டுக் குடியிருப்பு
மார்ச் 28

சம்பந்தியம்மாவுக்கு,

தச்சரிடம் சொன்னேன். "யாரு அவங்க, எதுக்கு மன்னிப்பு?" என்றார். "மனசு நல்லவங்க, காரணம் இல்லாமலே கேப்பாங்க" என்றேன். இன்னும் குழப்பத்தில்தான் இருக்கிறார்.

நான் சிரிக்கவில்லை என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள், அதனால் எழுதவில்லை. சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிற மேஜைக்கு அடியில் உட்கார்ந்து சிரித்தேன். அதற்கப்புறம் உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை. கடை மூலையில் நீங்கள் ஒற்றை ஆளாக உட்கார்ந்து மறுபடியும் கூட்டியது கண்ணில் தெரிந்தது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. நீங்கள் ஒன்றுமே சொல்ல வேண்டாம். மனசு மாறிவிட்டது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மனசு மாறுவது எல்லோருக்கும் வருவதுதான். அப்படி ரொம்பக் கேட்டால், மருந்துக்கடைக்காரர் முனையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். அவருக்கு ஞாபகமறதி, தானே ஒப்புக்கொள்வார்.

அடுத்த கூட்டம் ஏப்ரல் பன்னிரண்டு. கையெழுத்து இப்போது இருபத்து மூன்று. அவள் இளைத்திருக்கிறாள். பேத்திக்கு ஒரு பல் விழுந்தது, அதை அம்மாவின் ஆபீஸ் பையில் போட்டு அனுப்பியிருக்கிறது, துணைக்காம்.

உங்கள் சம்பந்தி


கடைத்தெரு
ஏப்ரல் 13

சம்பந்தியம்மா,

நேற்று உங்களை மூன்றாவது வரிசையில் தேடினேன். ஓரத்து நாற்காலி காலி. பிறகுதான் சொன்னார்கள், பெரிய ரோட்டில் இரண்டு மணி நேரம் நின்றும் பஸ் வராமல் திரும்பிப் போனீர்கள் என்று. ரயில் கூட்டத்துக்கு வரவே உங்களுக்கு ரயில் வேண்டியிருக்கிறது.

நீங்கள் சொன்ன வழியை யோசித்தேன். மருந்துக்கடைக்காரர் மேல் பழியைப் போட்டிருந்தால் முடிந்து போயிருக்கும். ஆனால் அந்த மனிதர் வெயிலில் மூன்று தடவை குனிந்து முனையைப் பிடித்தவர். மனசு மாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. மாறினது மனசு இல்லை, டேப்.

எழுந்தேன். மேடையில் அவள் பேனாவை மூடினாள். இன்னொரு அடி விழப் போகிறது என்று நினைத்தாள் போல.

"போன கூட்டத்துல பதினோரு இஞ்சு குறையுதுன்னு சொன்னேன். குறையல. என் டேப் நீண்டிருக்கு" என்றேன். இரண்டு டேப்பையும் ஒன்றாகப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன்.

அப்புறம் மருந்துக்கடைக்காரர் பின்னாலிருந்து, "அப்போ நான் போட்டிருக்கிற பேண்ட்?" என்றார்.

"அது சரியாத்தான் இருக்கும். உங்களை அளந்ததும் அதுதான், பேண்ட்டை வெட்டினதும் அதுதான்."

"இல்லைங்க, கொஞ்ச நாளா இறுக்குது."

"அது டேப் இல்ல, பக்கத்து பேக்கரி."

அதற்குமேல் அரங்கத்தை யாராலும் அடக்க முடியவில்லை. ஆளாளுக்கு எழுந்து தங்கள் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். செருப்புத் தைக்கிறவர், "பதினோரு வருஷமா நம்ம எல்லாரும் நெனைச்சதைவிடக் குண்டாத்தான் இருந்திருக்கோம்" என்றார். சிரிப்பு என்னைப் பார்த்துத்தான். இருக்கட்டும் என்று நின்றேன். நின்று பார்த்தால் அப்படியொன்றும் வலிக்கவில்லை.

சிரிப்பு அடங்கினதும் உட்காரவில்லை. "அளவு தப்பு என்னோடது. ஆனா பதினெட்டு மாசம் தோண்டுறது என் டேப்ல வந்த தப்பு இல்ல. அதை இன்னும் சொல்றேன்" என்றேன். "ஒரு பழைய கோட்டைச் சரி பண்ண வந்தா, நான் எல்லாத் தையலையும் ஒரே நாள்ல பிரிச்சுப் போட மாட்டேன். போட்டா அது கோட் இல்ல, துணிமூட்டை. ஒரு கையைப் பிரிப்பேன், அதைத் தைச்சு முடிப்பேன், அப்புறம்தான் அடுத்த கை. தெருவையும் அப்படிப் பிரிங்க. பன்னிரண்டு கடை தோண்டுங்க, மூடுங்க, அப்புறம் அடுத்த பன்னிரண்டு. ஒவ்வொரு கடை வாசலுக்கும் கைப்பிடியோட பலகை போடுங்க. எழுதிக் கொடுங்க. அப்புறம் கையெழுத்து கேளுங்க."

தலைமைப் பொறியாளர் மேடையில் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். பிறகு மைக்கைப் பிடித்து, "இப்படிச் செய்தால் ஒரு மூன்று மாதம் கூடும், ஆனால் செய்யக்கூடியதுதான்" என்றார். பேக்கரிக்காரி, "மூணு மாசம் கூடினா கூடட்டும், கதவு திறந்திருந்தா போதும்" என்று கத்தினாள்.

உங்கள் மருமகள் என்ன சொன்னாள் என்று கேட்பீர்கள். எழுந்து நின்று, "பொதுமக்கள் கருத்து" என்று ஆரம்பித்தாள். தண்ணீர் குடித்தாள். "பதிவு செய்யப்பட்டது" என்று முடித்தாள். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. நான் இருக்கிற பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் விதி உடைந்துவிடும் என்று தெரியும் அவளுக்கு.

உங்கள் திரையை அனுப்பிவையுங்கள். இரண்டு இஞ்சு மடித்துத் தருகிறேன்.

சம்பந்தி


மேட்டுக் குடியிருப்பு
ஏப்ரல் 20

சம்பந்தியம்மாவுக்கு,

நான் இல்லாத கூட்டத்தில்தானா இதெல்லாம் நடக்க வேண்டும்! இந்தக் குடியிருப்பில் எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அவள் வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நடு வீட்டில் நின்று கோட், கை, பலகை என்று எல்லாவற்றையும் உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். மருந்துக்கடைக்காரர் பேண்ட் வந்தபோது சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பேத்தி பயந்துபோய்த் தன் பல்லைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

"எங்கம்மா மாதிரி ஆளு முந்நூறு பேர் முன்னாடி தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க அத்தை" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் ஒன்றும் தெரியாதவள் போல, "அப்படியா, டேப்பா, நீளுமா?" என்று கேட்டு வைத்தேன். நல்ல நடிப்பு.

ஆபீசில் பன்னிரண்டு பன்னிரண்டு கடையாகத் தோண்டுவது என்று எழுத்தில் வந்துவிட்டதாம். கையெழுத்து இப்போது நாற்பத்து மூன்று. உங்களுடையது இல்லை என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் பத்து நாள்தான் இருக்கிறது.

திரையை அனுப்பவில்லை. ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதவுக்குத் திரையே தேவையில்லை. நன்றாக இருந்த பழைய திரையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உங்களுக்கு அளவு எழுதினேன். நீங்கள் பதில் எழுத ஒரு காரணம் வேண்டுமே என்று. இப்போது அது இரண்டு இஞ்சு கிடப்பதே பிடித்திருக்கிறது. என் மகன் தாண்டக் கற்றுக்கொண்டுவிட்டான்.

உங்கள் சம்பந்தி


கடைத்தெரு
ஏப்ரல் 29

சம்பந்தியம்மா,

திரை விஷயம் உங்களை அடுத்த தடவை பார்க்கும்போது பேசிக்கொள்கிறேன். மற்றதை இப்போதே எழுதுகிறேன்.

நான் கையெழுத்துப் போடாமல் இருந்தது பிடிவாதத்தால் இல்லை. என் கடைக்கு ஒதுக்கின அதிகாரி முதுகுவலி சரியாகி வரட்டும் என்று காத்திருந்தேன். வேறு யாராவது வந்து வாங்கினால் உங்கள் மருமகள்தான் குறுக்கு வழியில் அனுப்பினாள் என்று பேச்சு வரும். இன்று காலை பதினொன்றுக்கு வந்தார். இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, படியில் பக்கவாட்டில் ஏறினார்.

முதல் வார்த்தையாக, "அம்மா, நேத்து சாயங்காலமே நாப்பத்தெட்டு தாண்டிடுச்சு. இப்ப ஐம்பத்தொண்ணு. நீங்க போட்டாலும் போடலைன்னாலும் பாதை இந்தத் தெருதான்" என்றார். நல்ல மனிதர், சந்தோஷமான செய்தி என்று சொல்கிறார். எனக்கு முகம் கொஞ்சம் விழுந்துதான் போயிற்று. தெருவே என் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அதுபாட்டுக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டது. உங்கள் முட்டியிடம் சொல்லிவிடுங்கள், ரயில் வருகிறது.

"அப்ப எதுக்கு வந்தீங்க?" என்றேன்.

"எழுபத்திரண்டு கடையிலயும் கேட்கணும்கிறது விதி."

அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, சம்மதப் பத்திரத்தின் ஆறு பக்கத்தையும் சத்தமாகப் படித்தேன். எனக்கு மெதுவாகத்தான் வரும். அவர் முதுகு பாவம், ஆனால் ஒரு வரி விடவில்லை. நாலாம் பக்கத்தில் "பலகை" என்று இருந்தது, "கைப்பிடியோடு" என்பது இல்லை. எழுதச் சொன்னேன். அவர் ஆபீசுக்குப் போன் செய்து கேட்டு, எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தும் போட்டார். பிறகு நான் போட்டேன். ஐம்பத்திரண்டாவது.

இந்த நேரம் முழுவதும் அவள் எதிர்வரிசையில் மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தாள். இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடி அலமாரியில் இருமல் மருந்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் இருமல் மருந்து படிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. அதிகாரி காகிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி, தெருமுனை திரும்புகிற வரை அசையவில்லை.

அப்புறம் குறுக்கே கடந்து வந்தாள். படியில் செருப்பை விட்டாள். கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"அதிகாரி போயிட்டாராம்மா?"

"போயிட்டார். நீ எப்ப வந்தே?"

"இப்பத்தான்" என்றாள்.

எப்படிச் சிரிக்காமல் இருந்தோம் என்று தெரியவில்லை. "பசிக்குது" என்றாள். மதியத்துக்கு எனக்கு வைத்திருந்ததை முழுவதும் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, "ரயிலைப் பத்தி இனிமே உங்ககிட்ட பேசலாம்மா. கையெழுத்தாயிடுச்சு" என்றாள். சொல்லு என்றேன். எந்தப் பக்கம் முதலில் தோண்டுவார்கள், நிறுத்தம் எங்கே, வண்டிக்கு என்ன நிறம் என்று ஆரம்பித்தாள். நிறத்துக்கு வருவதற்குள் குரல் இழுத்தது. வெட்டு மேஜை மேலேயே, பாதி வெட்டின பாவாடைத் துணியைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். இந்த மூன்று மாதமும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டாள் என்று பார்த்தாலே தெரிகிறது. கத்தரியையும் குண்டூசியையும் தள்ளி வைத்தேன்.

மிஷினை மிதித்தால் சத்தத்தில் விழித்துவிடுவாள். அதனால்தான் கடை நேரத்தில் உட்கார்ந்து உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். சற்று முன் ஒருத்தி வந்து, "பாவாடை தைச்சாச்சா?" என்று கேட்க வாயைத் திறந்தாள். உதட்டில் விரலை வைத்து, அவள் தலைக்கு அடியில் இருக்கிற துணியைக் காட்டி, நாளைக்கு வா என்று சைகை செய்து அனுப்பிவிட்டேன்.

சம்பந்தி